நகரம் கொடுக்கும் வாக்கும் அதன் பிணையும்

தெருவைத் தோண்டிக் குழாய் புதைக்கவும், கம்பி இழுக்கவும், தண்டவாளம் பதிக்கவும் ஒரு நிறுவனத்துக்கு நகரம் பல ஆண்டுகளுக்கு உரிமை அளிக்கிறது. பதிலுக்கு அந்த நிறுவனம் விளக்கு எரியும், வண்டி ஓடும், கட்டணம் இந்த அளவைத் தாண்டாது என்று உறுதி கூறுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வடிப்பது உரிம ஒப்பந்தம். நிறுவனம் சொன்னபடி செய்யாவிட்டால் நகரம் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே ஒதுக்கப்படும் பணம் செயல்பாட்டுப் பிணை. ஒப்பந்தக்காரர்கள் பேச்சில் டெபாசிட் அல்லது பேங்க் கேரண்டி. பார்வைக்கு இவை வக்கீல்களும் கணக்கர்களும் கவலைப்பட வேண்டிய தாள்கள். ஆனால் அறநூல்கள் நெடுங்காலம் விவாதித்த இரண்டு கேள்விகள் அவற்றுக்குள் இருக்கின்றன. இன்னும் பிறக்காதவர்களைக் கட்டுப்படுத்தும் வாக்கை இன்று இருப்பவர்கள் கொடுக்கலாமா? கொடுத்த வாக்கின் இடத்தில் பணம் நிற்க முடியுமா?

இந்தக் கேள்விகளை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சுமந்து வரும் நகரம் கொல்கத்தா. 1853இல் தோன்றிய ஓரியண்டல் கேஸ் கம்பெனி 1857 ஜூலையில் அதன் தெருக்களில் எரிவாயு விளக்குகளை ஏற்றியது. 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவுக்கும் ஆர்மேனியன் காட்டுக்கும் இடையே குதிரை இழுக்கும் டிராம் ஓடத் தொடங்கி, அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. 1879இல் மாநகராட்சி தனியாரோடு ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டு லண்டனில் பதிவான கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி அந்த ஒப்பந்தத்தின் பலனை ஏற்றது. மின்சாரத்துக்கு வங்காள அரசு 1895இல் தனிச் சட்டம் இயற்றியது. 1897 ஜனவரி 7 அன்று கில்பர்ன் கம்பெனி, இந்தியன் எலக்ட்ரிக் கம்பெனியின் முகவராக நின்று, 5.64 சதுர மைல் பரப்புக்கு 21 ஆண்டு உரிமம் பெற்றது. இந்தியன் எலக்ட்ரிக் கம்பெனியே விரைவில் கல்கத்தா எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்று பெயர் மாறியது, இன்றைய சி.இ.எஸ்.சி. அதன் தொடர்ச்சி. 1899 ஏப்ரல் 17 அன்று பிரின்செப் தெருவை அடுத்த இமாம்பாக் சந்தில் அதன் முதல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

இத்தகைய ஒப்பந்தங்களின் உடற்கூறு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த எல்லைக்குள் சேவை, எத்தனை மாதத்துக்குள் முதன்மைக் குழாய் அல்லது கம்பி பதித்து முடிக்க வேண்டும், தோண்டிய தெருவை யார் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், கட்டணத்தை யார் முடிவு செய்வது, கணக்கை யாரிடம் காட்டுவது, உரிமம் எப்போது முடியும், முடியும்போது சொத்தை எந்த விலைக்கு நகரம் வாங்கலாம் ஆகியவற்றை அவை சொல்லும். இவற்றில் பெரும்பாலானவை பொறியியல் விஷயங்கள். காலவரையும் விலைக்கு வாங்கும் உரிமையும் மட்டும் வேறு இனத்தைச் சேர்ந்தவை. அவை தலைமுறைகளுக்கு இடையிலான நியாயத்தைப் பற்றியவை.

1897இல் வேட்டி கட்டிய மாநகராட்சி உறுப்பினரும் தொப்பி போட்ட ஆங்கிலேய அதிகாரியும் ஏற்ற விதிகளுக்கு, 1917இல் கொல்கத்தாவில் பிறந்த குழந்தை ஏன் கட்டுப்பட வேண்டும்? 1789இல் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில் தாமஸ் ஜெபர்சன் இதையே கேட்டார். உலகம் உயிரோடு இருப்பவர்களின் அனுபோகத்துக்கு உரியது என்பது அவர் கட்சி. இறப்புப் பட்டியல்களை வைத்துக் கணக்கிட்டு, ஒரு தலைமுறையின் கடனும் சட்டமும் 19 ஆண்டுகளுக்கு மேல் நிற்கலாகாது என்றார். அடுத்த ஆண்டே எட்மண்ட் பர்க், சமூகம் என்பது இறந்தோர், இருப்போர், பிறக்கப் போவோர் மூவரும் சேர்ந்த கூட்டு என்று எழுதினார். ஜெபர்சன் வழி நடந்தால் தரைக்கடியில் நீண்டகாலத்துக்கான செம்பைப் புதைக்க யாரும் முதல் போடமாட்டார்கள். பர்க் வழி நடந்தால் முன்னோர் செய்த தவறையும் கூட்டின் பேரால் சுமக்க வேண்டியிருக்கும்.

இந்த விவாதத்துக்கு ஐரோப்பாவைவிட வளமான இடம் இந்திய தர்மசாஸ்திர மரபு. தமிழகம் உள்ளிட்ட பெரும் பகுதியில் சொத்துரிமைக்கு அடிப்படையாக இருந்தது மிதாட்சரம்: யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு, கல்யாணிச் சாளுக்கியர் அவையைச் சேர்ந்த விஞ்ஞானேஸ்வரர் எழுதிய உரை. அதன்படி குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. பிறந்தவர், கருவில் இருப்பவர், இன்னும் கருவாகாதவர் எல்லோருக்கும் பிழைப்புக்கு வழி வேண்டும். ஆகவே மூதாதையர் நிலத்தைத் தந்தை தன் விருப்பப்படி விற்கலாகாது என்பது அந்த மரபின் வாதம். வங்காளத்தில் வழங்கியதோ ஜீமூதவாகனரின் தாயபாகம். அங்கே தந்தை உயிரோடு இருக்கும்வரை மகனுக்குச் சொத்தில் உரிமை இல்லை. விற்கக் கூடாது என்ற வசனங்களை ஜீமூதவாகனர் மறுக்கவில்லை. அவற்றை மீறும் தந்தைக்குப் பாவம் சேரலாம், ஆனால் அவர் செய்த விற்பனை செல்லாததாகிவிடாது என்பது அவர் நிலை. அறத்தையும் செல்லுபடியையும் அவர் இரண்டாகப் பிரித்தார்.

நகரத்தை இங்கே எந்தத் தந்தையாகக் கொள்வது? உரிமத்தை வழங்கும் மாநகராட்சியோ அரசோ சட்டத்தின் கண்ணில் தாயபாகத் தந்தை. அது கையெழுத்திட்டால் ஒப்பந்தம் செல்லும். பின்னால் வருகிறவர்கள் அழுதாலும் செல்லும். ஆனால் தெரு அந்த உறுப்பினர்களின் சொந்தச் சம்பாத்தியம் இல்லை. 1856இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஹனுமான் பிரசாத் பாண்டே வழக்கில், சிறுவனின் சொத்தை நிர்வகிப்பவர் தேவையின் பொருட்டோ சொத்தின் நன்மைக்காகவோ மட்டுமே அதை ஈடு வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கொல்கத்தாவில் எரிவாயு விளக்கு எரிவதற்கு முந்தைய ஆண்டின் தீர்ப்பு அது. நகர நிர்வாகத்துக்குப் பொருந்தும் அளவுகோல் இதுவே. சிறுவன் என்பது இங்கே வருங்கால நகரம். நிர்வாகிக்கு உள்ள அதிகாரமெல்லாம் அவன் நன்மை எதுவரை நீளுமோ அதுவரைதான். இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கில் ஆறு, காடு போன்ற பொதுவளங்களை அரசு மக்களுக்காக வைத்திருக்கும் அறங்காவலர் மட்டுமே என்று அறிவித்ததும் இதே எண்ணத்தின் நீட்சி.

காலவரை தாயபாகத் தந்தைக்கும் மிதாட்சரத் தந்தைக்கும் இடையே காணப்பட்ட சமரசம். பிரிட்டனின் 1870ஆம் ஆண்டு டிராம் சட்டம் 21 ஆண்டு முடிவில் உள்ளாட்சி அமைப்பு டிராமை வாங்கிக்கொள்ளலாம் என்றது. கொல்கத்தா மின் உரிமத்திலும் அதே 21. ஜெபர்சனின் 19க்கும் இதற்கும் நேர் உறவு இல்லாவிட்டாலும் இரண்டும் ஒரு தலைமுறையின் அளவைச் சுற்றியே நிற்கின்றன. தலைமுறைக்கு ஒரு முறை கேள்வி மறுபடி கேட்கப்படும். கேட்கும் உரிமையை யாரும் விற்கவில்லை என்பதே அந்த எண்ணிக்கையின் உட்பொருள். பின்னர் 1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டம் முதல் காலத்தை 50 ஆண்டு வரையும் அடுத்தடுத்த காலங்களை 20 ஆண்டு வரையும் நீட்ட இடமளித்தது. கட்டாயமாக வாங்குவதற்காகச் சந்தை மதிப்பின் மேல் 20 சதவீதம் வரை கூடுதல் தரவும் வழிசெய்தது. முதலீட்டுக்கு அது ஊக்கம் தந்தது உண்மை. ஆனால் 50 ஆண்டில் இரண்டு தலைமுறை கேட்கப்படாமலே போகும். இன்றைய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25 ஆண்டு அந்த வகையில் நேர்மையான எண்.

ஒப்பந்தம் வாய் திறக்காத இடத்தில் யார் பக்கம் சாய்வது என்பதும் இதன் கிளைக் கேள்வி. 1837இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சார்லஸ் ரிவர் பாலம் வழக்கில், பொதுமக்கள் கொடுத்த சலுகையில் தெளிவாகச் சொல்லப்படாத ஏகபோகத்தை நிறுவனம் உரிமை கொண்டாட முடியாது என்றது. பிறக்காதவர்கள் பேச்சுவார்த்தை மேசைக்கு வர முடியாது. ஆகவே மௌனத்தை அவர்கள் பக்கம் வாசிப்பதே முறை.

இனிப் பிணைக்கு வரலாம். வாக்கு கொடுப்பவர் மனிதராக இருந்தவரை அவரைக் கட்ட மனசாட்சியும் தெய்வ பயமும் இருந்தன. நீதிமன்றங்களில் இந்துக்கள் கங்கை நீரைத் தொட்டும் முஸ்லிம்கள் குர்ஆனைத் தொட்டும் சத்தியம் செய்தார்கள். 1840ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அந்த வழக்கத்தை நீக்கி, உண்மை சொல்வேன் என்ற உறுதிமொழியை வைத்தது. அதன்பின் சில பத்தாண்டுகளில் நகரத்தோடு ஒப்பந்தம் செய்ய வந்து நின்றவை லண்டனில் பதிவான நிறுவனங்கள். நிறுவனத்துக்குக் கங்கை நீரைத் தொடக் கையில்லை. பொய்த்தால் நரகம் போக ஆன்மாவும் இல்லை. அதன் இயக்குநர்கள் மாறுவார்கள், பங்குகள் கைமாறும். அப்படிப்பட்ட ஒன்றின் வாக்கைக் கேட்டு ஒரு நகரம் தன் தெருவைத் திறந்துவிடுவதற்கு வேறொரு பிடிமானம் தேவைப்பட்டது.

பிடிமானம் கேட்பது வாக்குக் கொடுப்பவரை அவமதிப்பதா? மலைப்பொழிவில் இயேசு, சத்தியமே செய்ய வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று மட்டும் இருக்கட்டும் என்று போதித்தார். அந்த நோக்கில் பிணை கேட்பதே சொல்லின் வீழ்ச்சிக்கு அடையாளம். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் வேறு வழி காட்டுகிறது. கடனை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள், பயணத்தில் எழுத்தர் கிடைக்காவிட்டால் அடமானப் பொருளைக் கையில் பெறுங்கள். ஒருவரை ஒருவர் நம்பினால் நம்பப்பட்டவர் அமானிதத்தை நிறைவேற்றட்டும். இங்கே பிணையும் நம்பிக்கையும் பகையாளிகள் இல்லை. இரண்டாவது நோக்கே நகர விவகாரத்துக்கு ஏற்றது. தனக்காக நம்புபவர் பிணை வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டலாம். பிறருக்காக நம்புபவருக்கு அந்தப் பெருந்தன்மைக்கு உரிமை கிடையாது.

பிணையின் தன்மையை மிக நுட்பமாகப் பகுத்தது மறுபடியும் யாக்ஞவல்கியமே. அது மூன்று பிணையாளரைச் சொல்கிறது. ஒருவர், கடனாளியை உரிய நாளில் நேரில் நிறுத்துவேன் என்பவர். மற்றவர், இவர் நம்பத் தகுந்தவர் என்று சான்று கூறுபவர். மூன்றாமவர், இவர் தராவிட்டால் நானே தருவேன் என்பவர். முதல் இருவரும் பொய்த்தால் அவர்களே ஈடுகட்ட வேண்டும். அந்தப் பொறுப்பு அவர்கள் பிள்ளைகளுக்கு இறங்காது. பணம் தருவதாக ஏற்ற மூன்றாமவரின் பொறுப்பு மட்டும் பிள்ளைகளையும் பிடிக்கும். இந்த வேறுபாட்டில் பெரிய உண்மை இருக்கிறது. ஒருவரை நம்பலாம் என்று சொல்வது சொல்பவரின் ஆளுமையோடு ஒட்டியது, அவரோடு முடிவது. பணம் யாருடைய ஆளுமையோடும் ஒட்டாதது. ஆகவே தலைமுறை தாண்டும்.

இன்றைய டெண்டர் நடைமுறையில் இந்த மூவரும் அப்படியே இருக்கிறார்கள். டெண்டர் போடும்போது கட்டும் முன்வைப்புத் தொகை, வென்றவர் கையெழுத்திட வந்து நிற்பார் என்பதற்கான பிணை. முன் அனுபவச் சான்றும் தாய் நிறுவனத்தின் ஆதரவுக் கடிதமும் நம்பிக்கைப் பிணை. வேலை முடியும்வரை வங்கி நிற்பது பணப்பிணை. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகள் இந்த மூன்றாவதை ஒப்பந்த மதிப்பில் 5 முதல் 10 சதவீதம் என்று வகுத்தன. கடமைகள் யாவும் முடிந்த பிறகும் 60 நாள் அது உயிரோடு இருக்க வேண்டும் என்றன. மின்சாரத்தில் இது உரிமத்தின் உயிரோடு பிணைந்தது. உரிமம் கோரும் டெபாசிட்டைக் கட்டாத அல்லது பிணை தராத நிறுவனத்தின் உரிமத்தைப் பறிக்கலாம் என்பது 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவிலும் இருந்தது, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவிலும் இருக்கிறது.

வங்கிப் பிணையின் இயல்பு விசித்திரமானது. நகரம் கேட்டதும் வங்கி பணம் தர வேண்டும். நிறுவனம் உண்மையிலேயே தவறியதா என்று விசாரிக்கும் வேலை வங்கிக்கு இல்லை. அப்பட்டமான மோசடி, பின்னால் சரிசெய்யவே முடியாத அநியாயம் ஆகிய இரண்டும் தவிர வேறு காரணத்துக்காக அதை நிறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1987இல் சிங் கன்சல்டன்ட்ஸ் வழக்கு முதலே சொல்லி வருகிறது. அதாவது வாக்கின் மெய்யைப் பற்றிக் கவலைப்படாமலிருப்பதே இந்தப் பிணையின் வலிமை. அந்த வலிமை கொடுமையாக மாறாதபடி 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு காவல் நிற்கிறது. ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் இறுதியில் வைத்துக்கொள்ள முடியாது. இழப்பே நேராத இடத்தில் வைப்புத் தொகையைப் பறிமுதல் செய்வது தவறு என்று 2015இல் கைலாஷ்நாத் வழக்கு தெளிவாக்கியது. முதலில் பணம், பிறகு நியாயம் என்ற இந்த வரிசை, காத்திருக்க முடியாத நகரத்துக்குப் பொருத்தமானது.

ஆனால் பணம் எவ்வளவு தூரம் போகும்? 1953 ஏப்ரலில் சென்னை டிராம் நின்றது. நடத்திய கம்பெனி நொடித்துப்போயிருந்தது. எந்தப் பிணைத்தொகையும் மவுண்ட் ரோட்டில் மறுநாள் வண்டியை ஓட்டியிருக்காது. அதே ஆண்டு ஜூலையில் கொல்கத்தாவில் டிராமின் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்ந்ததற்கு நகரமே கொந்தளித்தது. வண்டிகள் எரிந்தன, உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. ஒப்பந்தப்படி நிறுவனம் தவறு செய்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. மக்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் தங்கள் குரல் இல்லை என்பதே கோபத்தின் வேர். 1951இலேயே அந்த ஒப்பந்தத்தில் மாநகராட்சியின் இடத்தில் மாநில அரசு வந்திருந்தது. 1967இல் அரசு டிராம் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது, 1976இல் சொத்தையும் எடுத்துக்கொண்டது. ஒடிசாவில் 1999இல் மத்தியப் பகுதியின் மின்வினியோகத்தை ஏற்ற அமெரிக்காவின் ஏ.இ.எஸ். நிறுவனம், அதே ஆண்டின் பெரும்புயலுக்குப் பிறகு 2001இல் வெளியேறியது. விட்டுப்போனவரின் வேலையை அங்கே இருந்தவர்கள்தான் தொடர வேண்டியிருந்தது.

கொல்கத்தாவின் சோதனை 2020 மே 20 அன்று அம்பன் புயலாக வந்தது. மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் தண்ணீரும் இல்லை. மக்கள் சாலையை மறித்தார்கள், அரசு ராணுவத்தை அழைத்தது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 44ஆம் பிரிவு புயலையும் வெள்ளத்தையும் பெயர் சொல்லியே விலக்குகிறது. அவற்றால் தடைபட்ட நிறுவனம் மின்சாரம் தரக் கடமைப்பட்டதல்ல. ஒப்பந்தங்கள் இதைத் தெய்வச்செயல் என்கின்றன. பணத்தாலும் காலவரையாலும் கட்டப்பட்ட தாளில் தெய்வம் நுழையும் ஒரே இடம் அது. புயல் வாக்கைக் கொன்றுவிடுவதில்லை, அதன் வடிவத்தை மாற்றுகிறது. கம்பியை அறுத்தது தெய்வச்செயல் என்று ஏற்கலாம். எந்தத் தெரு எப்போது சீராகும் என்று சொல்லாமலிருப்பது, மரத்தை அகற்ற வேண்டிய மாநகராட்சியும் கம்பியைக் கட்ட வேண்டிய நிறுவனமும் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பது ஆகியவை மனிதச் செயல். வாக்கின் மிச்சப் பகுதி முழுக்க அங்கேதான் உயிர்வாழ்கிறது. அதற்கு எந்த வங்கியும் பிணை நிற்பதில்லை.

இங்கே ஒப்பந்தங்களின் அடிப்படைக் குறை வெளிப்படுகிறது. உரிமம் தருவது அரசு, பெறுவது நிறுவனம், பிணைப்பணம் போவது அரசுக்கோ உரிமம் தந்தவருக்கோ. இருட்டில் உட்கார்ந்திருக்கும் நுகர்வோர் எந்தத் தாளிலும் கையெழுத்திட்டவர் இல்லை. ஆனால் பிணை என்று வந்துவிட்டால் அவரிடமிருந்தும் கேட்கிறார்கள்: இணைப்பு வாங்கும்போது அதே சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி அவர் டெபாசிட் கட்ட வேண்டும். அவருடைய வாக்குக்குப் பிணை வாங்கும் ஏற்பாடு நிறுவனத்தின் வாக்குக்கு அவரிடமே பிணை தருவதில்லை என்றால் தராசு சாய்ந்திருக்கிறது. அதைச் சற்றே நிமிர்த்தும் முயற்சிகள் உண்டு. அந்த டெபாசிட்டுக்கு வங்கி விகிதத்துக்குக் குறையாத வட்டி தர வேண்டும். 57ஆம் பிரிவின் கீழ் ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கும் சேவைத் தரத்தில் நிறுவனம் தவறினால் பாதிக்கப்பட்டவருக்கே இழப்பீடு சேர வேண்டும். 2002இல் மேற்கு வங்க மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் சி.இ.எஸ்.சி.க்கும் இடையிலான வழக்கில், கட்டணம் நிர்ணயிக்கப்படும்போது தங்கள் தரப்பைச் சொல்ல நுகர்வோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. கையெழுத்திடாதவருக்கும் வாக்கில் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது.

தந்தையின் கடனை மகன் தீர்க்க வேண்டும் என்ற பழைய சமயக் கடமைக்குக்கூட எல்லை இருந்தது. சூதுக்கும் மதுவுக்கும் வாங்கிய கடன் மகனைப் பிடிக்காது என்றன ஸ்மிருதிகள். இனி அந்தச் சமயக் கடமையை மட்டும் காட்டி மகன்மேல் வழக்குத் தொடர முடியாதபடி 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம் செய்துவிட்டது. குடும்பத்தில் இவ்வளவு தூரம் வந்த சட்டம் நகரத்தில் இன்னும் வரவில்லை. 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு, மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே ஒரு பாரம்பரிய வழித்தடம் தவிர மற்ற டிராம்களை நிறுத்துவதாக அறிவித்தது. 1879இல் ஒப்பந்தம் செய்தவர்களுக்கும் 2024இல் நிறுத்தச் சொன்னவர்களுக்கும் இருந்த அதிகாரம் ஒரே வகை: பிறக்கப் போகும் நகரத்தின் சார்பில் பேசும் அதிகாரம். அதைப் பயன்படுத்தும்போது எது தேவை, எது நன்மை என்று பொதுவில் நிரூபிக்கும் கடமையை இந்தியாவின் ஒவ்வொரு நகர உரிம ஒப்பந்தமும் எழுத்தில் ஏற்க வேண்டும். பிணைப்பணத்தில் ஒரு பகுதியாவது சேவை இழந்தவரின் பில்லில் நேரடியாகக் கழிக்கப்பட வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஒப்பந்தம் சட்டப்படி செல்லும், அறப்படி செல்லாது.